ஏட்டு கொம்பையாவின் இரண்டு ரவுண்டு

இயந்திரத்தின் நெற்றியில் யாரோ சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் சந்தனம் காய்ந்து வெடித்துப் பாதிக்கு மேல் உதிர்ந்து, கீழே வெள்ளைத் தகட்டில் மஞ்சள் தூளாகக் கிடந்தது. கொஞ்சம் சோற்றுக் கஞ்சி விட்டு இழைத்திருந்தால் நின்றிருக்கும் என்று வடிவு நினைத்தாள். எந்த வேலையாக வந்த இடத்தில் எதை நினைக்கிறோம் என்று உடனே தன்னைக் கடிந்துகொண்டாள். கை மட்டும் கேட்கவில்லை. தகட்டிலிருந்த தூளை ஒற்றை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"அதெல்லாம் ஸ்டாஃப் பண்றதும்மா," என்றாள் நிலோஃபர். வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. "வேணாம்னு சொன்னா கேட்கமாட்டாங்க. வெளிநாட்டு மெஷினு, நம்ம ஊரு கண்ணு பொல்லாததுன்னு எலுமிச்சம்பழம் வேற நசுக்க வந்தாங்க. காலைப் பிடிக்காத குறையா தடுத்து நிறுத்தினேன்."

வடிவு சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மதுரைக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது அந்தக் கூடம். உள்ளே இரண்டு வரிசை நாற்காலி, ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் இந்த இயந்திரம். பெரிய பெயர் ஒன்று அதற்கு இருந்தது. ஊரில் எல்லோரும் வாசிப்பான் என்றுதான் சொன்னார்கள். மூன்று வருஷமாக ரேஷன் கடை வரிசையிலும் சவரக் கடையிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. தேனிப் பக்கம் ஒருவன் செய்யாத கொலைக்குப் பத்தொன்பது வருஷம் உள்ளே இருந்துவிட்டு, அது வாசித்துச் சொன்னதால் வெளியே வந்தான். வந்தவனை வாங்க என்று கூப்பிட ஒருவரும் உயிரோடு இல்லை. திண்டுக்கல்லில் ஒரு தாய், வேட்டைக்குப் போன இடத்தில் செத்துப்போன இளைய மகனுக்கு நியாயம் வேண்டும் என்று மனுப் போட்டாள். அவனைச் சுட்டது மூத்தவனின் துப்பாக்கி என்று வந்தது. நியாயம் கிடைத்த மறுநாளிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை என்று பத்திரிகையில் படித்தாள் வடிவு. கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவள். பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கும் பழக்கம் அங்கே வந்தது.

அதைப் படித்தபிறகும் அவள் மனுப் போட்டது தெரிந்துதான் சூரத்திலிருக்கும் மகன் போனில் கத்தினான். "யம்மா, கிண்டாத. நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஊரே மறந்துட்டு."

"ஊரு மறக்கலலே. நீதான் ஊர மறந்துட்ட," என்று போனை வைத்துவிட்டாள்.

ஊர் எப்படி மறக்கும்? ஆழிக்குறிச்சிக்குள் நுழையும்போதே சிமெண்டு வளைவு இருக்கிறதே. உப்பளத் தொழிலாளர் தலைவர் அழகுவேல் நினைவு வளைவு. அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு கேள்வி: இரண்டாவது துப்பாக்கி யாருடையது? வருஷா வருஷம் புதுப் பெயிண்ட். பஸ்ஸில் போகும்போதெல்லாம் வடிவு அந்த இடத்தில் குனிந்து பைக்குள் எதையாவது தேடுவாள்.

அழகுவேல் அண்ணாச்சி சுடப்பட்டது உப்பளத் திடல் கூட்டத்தில். ஜீப்பிலிருந்து அவர் இறங்கியதும் வழக்கம்போல அதிர்வேட்டுப் போட்டார்கள். வேட்டுச் சத்தத்தோடு சத்தமாக மூன்று குண்டு. சுட்டவன் துரைக்கண், முதலாளி தரப்பில் கங்காணியாக இருந்து கழற்றிவிடப்பட்டவன். மாலையோடு வந்தான், மாலைக்குள் ரிவால்வர். அண்ணாச்சி விழுந்த இடத்திலேயே கூட்டம் அவனையும் அடித்துக் கொன்றுவிட்டது. அவனிடம் யார் அனுப்பினார்கள் என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

அண்ணாச்சிக்குப் பாதுகாப்பாக அரசாங்கம் கொடுத்திருந்த ஆள் ஏட்டு கொம்பையா, வடிவின் கணவர். தன் ரிவால்வரை எடுத்துத் துரைக்கண்ணை நோக்கி இரண்டு ரவுண்டு சுட்டதாக அவர் வாக்குமூலம் கொடுத்தார். முதலில் அவரைப் பாராட்டித்தான் பேசினார்கள். பிறகு ஒரு வக்கீல் கேட்டார்: "அந்த ரெண்டு குண்டும் எங்கே?" துரைக்கண்ணின் உடம்பில் குண்டு இல்லை. மேடையில் இல்லை. கூட்டத்தில் யாருக்கும் காயம் இல்லை.

அண்ணாச்சியின் உடம்பில் இருந்த மூன்றில் இரண்டு எலும்பில் மோதி நசுங்கிப்போனவை. முகம் அழியாமல் இருந்தது மூன்றாவது மட்டும்தான். அது துரைக்கண்ணின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று முதல் சோதனை சொன்னது. விசாரணைக் கமிஷன் கேட்டு, மறு வருஷக் கடைசியில் இரண்டாவது சோதனை நடந்தது. அதே துப்பாக்கியால் மறுபடி சுட்டுப் பார்த்தார்கள். குழாய் குண்டின்மேல் கீறும் கோடுகள் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் மூன்றாவது குண்டு வேறொரு துப்பாக்கி. ஏட்டின் ரிவால்வரும் அதே அளவுதான்; அதையும் சுட்டு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. முதல் சோதனை, போலீஸ் தன் ஆளைக் காப்பாற்றச் செய்த தில்லுமுல்லு. ஊருக்கு அதோடு முடிந்தது கதை.

அந்த மாதங்களில் கொம்பையா வீட்டில் அதிகம் பேசமாட்டார். தூக்கத்தில்தான் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மடங்கும். கை வடிவின் தோளில் கிடந்தால் தோளை அழுத்தும். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு ஒரு பெருமூச்சு. விழித்திருக்கும்போது, "சுட்டியளா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "ரெண்டு ரவுண்டுன்னு எழுதியாச்சுல்லா," என்று மட்டும் சொன்னார். கமிஷன் மூன்றாம் முறை அழைத்த அன்று விடியற்காலை, உப்பளத்துக்கு அப்பால் ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்ததென்று ஊர் சொல்லிற்று. பிணத்தை எடுக்க நாலு ஆள் வரவில்லை. மூன்று பேர் வந்தார்கள். நாலாவது கம்பை அவளே பிடித்தாள்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெண்மணி உள்ளே வந்தாள்.

அண்ணாச்சியின் ஒரே மகள். அப்பா சாகும்போது ஒன்பது வயது. இப்போது மூன்றாம் முறை சட்டமன்ற உறுப்பினர். மூன்று தேர்தலையும் வளைவிலுள்ள அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஜெயித்தாள். முடியில் நரை. கதர்ப் புடவை. உதவியாளரை வெளியிலேயே நிறுத்திவிட்டு வந்து, ஒரு நாற்காலி இடைவெளி விட்டு வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சின்னப் பிள்ளையாக இருக்கையில் "அத்தே, முறுக்கு" என்று போலீஸ் லயனுக்கு ஓடிவருவாள். அப்பாவுக்குக் காவல் இருந்த கொம்பையாவை "ஏட்டு மாமா" என்பாள். அதற்கப்புறம் நாற்பத்தாறு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இதுதான் முதல் தடவை. ஒருத்தி, ஏட்டுதான் சுட்டார் என்று நிரூபிக்க மனுப் போட்டிருந்தாள். மற்றவள் இல்லையென்று நிரூபிக்க. பழைய வழக்கை வாசிக்கவேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக் குடும்பமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

"ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன்," என்றாள் நிலோஃபர். "நோட்டுல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதறோம். எழுதின பக்கத்தைக் கிழிச்சுட்டாலும் அடுத்த பக்கத்துல தடம் இருக்குமில்லையா? இரும்பும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அந்தச் சூடும் அடியும் உள்ளே பல பக்கத்துக்கு இறங்குது. மேல தேய்ச்சாலும் உள்ளே இருக்கும். இந்த மெஷின் ஒவ்வொரு பக்கமா உரிச்சு உரிச்சுப் படிக்கும். ஆனா படிச்ச பக்கம் அப்புறம் இருக்காது. ஒரே ஒரு தடவைதான். நாளைக்கு இன்னொருத்தர் சரிபார்க்கணும்னா குண்டு இருக்காது."

"அப்போ உங்க மெஷின் சொன்னதுதான் முடிவா?" என்றாள் வெண்மணி.

"அது முடிவு சொல்லாதும்மா. உள்ள இருக்கறதைச் சொல்லும்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் துரைக்கண்ணின் துப்பாக்கியையும் சுண்டுவிரல் நுனி அளவுள்ள அந்தக் குண்டையும் நிலோஃபர் இயந்திரத்தின் வாய்க்குள் வைத்தாள். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மாவு சலிப்பதுபோல ஓர் ஒலி மட்டும். வடிவு மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். இந்த ஒலி நிற்கும்போது அவர் ஒன்று துரோகி, இல்லையென்றால் மனிதர். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். நிலோஃபர் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சொல்லுங்க," என்றாள் வெண்மணி.

"மேல்பக்கத்துல ஒத்துப்போகலை. ரெண்டாவது தடவை சோதனை பண்ணினவங்க பொய் சொல்லலை."

 ஒரு நாற்காலி தள்ளி வெண்மணி நிமிர்ந்து உட்கார்வது வடிவுக்குத் தெரிந்தது.

"இருங்க, முடிக்கலை. மேல்பக்கம்னுதான் சொன்னேன். நாலு பக்கம் உரிச்சதுக்கு அப்புறம் ஒத்துப்போகுது. கோட்டுக்குக் கோடு. மூணாவது குண்டு துரைக்கண்ணோட துப்பாக்கியிலேர்ந்துதான் வந்திருக்கு. முதல் சோதனை பண்ணினவங்களும் பொய் சொல்லலை."

"ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா?"

"ரெண்டு சோதனைக்கும் நடுவுல குழாயோட உள்பக்கத்தை யாரோ தேய்ச்சிருக்காங்க. நல்லா, அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. பழைய கோடு போய்ப் புதுக் கோடு வந்திருக்கு."

"யாரு?" வெண்மணி எழுந்தேவிட்டாள். "அதத்தானம்மா நாங்க நாப்பத்தாறு வருஷமா கேக்கோம்! சாட்சியத்த அழிச்சது யாரு? எந்த அதிகாரி? யாரு சொல்லி?"

"அதான் புரியலை. அழிக்க நினைக்கறவன் அரத்தைப் போட்டு அராவுவான், ஆசிட் ஊத்துவான். இதுல செங்கல் தூள் இருக்கு. புளி இருக்கு. அப்புறம்…" நிலோஃபர் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். "குழாய் வாயில மஞ்சள். சந்தனம். குங்குமம்."

 நிலோஃபரின் கண் மெதுவாகத் திரையிலிருந்து உயர்ந்து, தன் இயந்திரத்தின் நெற்றியில் பாதி உதிர்ந்து நின்ற பொட்டில் போய் நின்றது.

"கோர்ட்டுச் சொத்து அறையிலதானே இருந்துச்சு இந்தத் துப்பாக்கி?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

  "ஆமா," என்றாள் வெண்மணி. "ரெண்டு சோதனைக்கும் நடுவுல ஒரு ஆயுத பூஜை வந்துது."

சொத்து அறையில் அரிவாள், வேல்கம்பு, திருட்டு அண்டா என்று எது இருந்தாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துலக்குவார்கள். துருப்பிடித்த ஆயுதத்துக்குப் பொட்டு வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. யாரோ ஒரு கடைநிலை ஊழியர், பக்தியோடும் பொறுப்போடும், கம்பியில் துணியைச் சுற்றி, செங்கல் தூளையும் புளியையும் தொட்டு, ஒரு தலைவரைக் கொன்ற துப்பாக்கியின் உள்நாக்கை வெள்ளிபோலத் துலக்கிவிட்டார். சதி இல்லை. மேலிடம் இல்லை. பொரிகடலையும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

வெண்மணி சிரித்தாள். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு. "எங்கப்பா சாமி கும்பிடாத மனுசன். அவரு கேஸ சாமி வந்துல்லா தேச்சிட்டுப் போயிருக்கு!" என்றாள். சிரிப்பு பாதியில் அறுந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுடைய வளைவு, அவளுடைய கேள்வி, மேடை மேடையாக அவள் காட்டிய விரல், எல்லாம் அந்தச் சந்தனத்தோடு உதிர்ந்துகொண்டிருப்பதை வடிவு பார்த்தாள். சந்தோஷப்படலாம் என்று தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. அவர் இந்தச் செங்கல் தூளுக்காகவா ரயில் பாதைக்குப் போனார்?

நிலோஃபர் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, "ஏட்டோட ரிவால்வரும் இங்க இருக்கு," என்றாள். "அதையும் வாசிக்கச் சொல்லித்தான் மனு. ஆனா இப்போ அவசியமில்லை. குண்டு அவரோடது இல்லைன்னு ஆயிடுச்சு. சட்டப்படி நீங்க வேணாம்னு சொல்லலாம்மா."

"வேண்டாம்," என்றது வெண்மணிதான். வடிவைப் பார்க்காமல் சொன்னாள். "போதும். அவுக மேல தப்பில்லன்னு நானே மேடையேறிச் சொல்லுதேன். இதோட நிறுத்திக்கிடலாம்."

வடிவு தண்ணீரைக் கீழே வைத்தாள். "அப்போ அந்த ரெண்டு ரவுண்டு எங்க போச்சு?"

"அது இப்ப என்னத்துக்கு?"

"நீ மேடையேறிச் சொன்னாலும் நாளைக்கு ஒருத்தன் கேப்பாம்மா. கூட்டத்துக்குள்ள கண்ண மூடிட்டு சுட்டாரோ, யாரு மேல பட்டுதோன்னு. நாப்பத்தாறு வருசமா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." நிலோஃபரைப் பார்த்துச் சொன்னாள்: "வாசிங்கம்மா."

"சில சமயம் தெரியாம இருக்கறதே…"

"வாசிங்க."

மறுபடி மாவு சலிக்கும் ஒலி. இந்தத் தடவை நேரம் கூட ஆயிற்று. வெண்மணி வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, இடைவெளியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தெரிந்து உட்கார்ந்தாளா, தெரியாமலா என்று வடிவுக்கு விளங்கவில்லை.

நிலோஃபர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்து அவர்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அன்னைக்கு அவர் சுடவே இல்லை."

"ரெண்டு ரவுண்டுன்னு எழுதியிருக்கே," என்றாள் வெண்மணி.

"அந்த ரெண்டும் அப்புறம் சுட்டது. சொல்றேன். விசையை இழுத்தா, பின்னாடி ஒரு சின்ன ஊசி வந்து தோட்டாவைத் தட்டும். அந்த ஊசியோட முனையிலயும் ஒவ்வொரு அடியும் பக்கம் பக்கமா இருக்கும். முதல்ல மூணு அடி. ஒண்ணு பின்னாடி ஒண்ணா, ரொம்ப வேகமா. ஆனா மூணும் பலமில்லாத அடி. ஊசி வர்ற ஓட்டையில ஏதோ காய்ஞ்சு அடைச்சிருக்கு. ஊசி முழுசா வெளிய வரலை. தோட்டா வெடிக்கலை. அதுக்கப்புறம் துப்பாக்கியைத் துடைச்சு எண்ணெய் போட்டிருக்காங்க. எண்ணெய் போட்ட பிறகுதான் ரெண்டு முழு அடி. நின்னு நிதானமா, எங்கேயோ மணல் மூட்டையில சுட்டிருப்பாங்க. குழாய்லயும் அப்படித்தான் இருக்கு."

ஒன்று. இரண்டு. மூன்று. வடிவின் வலது தோள் தானாக ஒடுங்கிற்று. இத்தனை வருஷம் கழித்தும் அந்த விரலின் அழுத்தம் அந்த இடத்திலேயே இருந்தது.

"இழுத்துருக்காவ," என்றாள். கை தோளுக்குப் போயிற்று. "மூணு தடவ இழுத்துருக்காவ."

"ஆமாம்மா. கைவிடலை. கடைசிவரைக்கும் முயற்சி பண்ணியிருக்கார்."

மிச்சத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரரின் மனைவிக்கு அது தெரியும். அரசாங்கம் கொடுத்த துப்பாக்கி, காவல் காக்கவேண்டிய நேரத்தில் வெடிக்கவில்லை என்றால் அது ஸ்டேஷனுக்கே மானக்கேடு. மேலே இருந்தவர் எவரோ துப்பாக்கியை வாங்கித் துடைத்து இரண்டு ரவுண்டு சுட்டு, 'சுட்டதாக எழுதிக் கொடுவே, உமக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை' என்றிருப்பார். இவரும் எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு பழி வந்தபோது, நான் சுடவே இல்லை என்று எப்படிச் சொல்வது? காலித் தோட்டா இரண்டு எதிரே இருக்கிறதே. மானத்துக்குச் சொன்ன பொய் உயிருக்கு வந்து நின்றது.

வெண்மணியின் கை வடிவின் முழங்கையைப் பிடித்திருந்தது. "மாமா சுடப் பாத்திருக்காவ," என்றாள். நாற்பத்தாறு வருஷம் கழித்து அந்த வார்த்தை வந்தது. பிறகு நிலோஃபரிடம் திரும்பினாள். "அது என்ன, ஓட்டையில அடைச்சிருந்தது? துருவா?"

"இல்லை. இதுவும் சந்தனம்தான்." நிலோஃபர் தயங்கினாள். "கூட்டம் நடந்தது ஆயுத பூஜை கழிஞ்ச நாலாம் நாள். ஸ்டேஷன்ல பூஜை போட்டிருப்பாங்க. ஆனா வெறும் சந்தனம்னா காய்ஞ்சு உதிர்ந்திருக்கணும். என் மெஷின்ல உதிர்ந்த மாதிரி. இது ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. இதுல அரிசிக் கஞ்சி கலந்திருக்கு. சந்தனத்துல யாரு கஞ்சியைக் கலப்பாங்க?"

"எவனாவது கடைக்காரன் எடைக்குக் கலந்திருப்பான்," என்றாள் வெண்மணி கசப்போடு.

வடிவின் அம்மா வீட்டிலிருந்து வந்த சந்தனக்கட்டை அது. கடைத் தூளில் மரத்தூள் வாடை அடிக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் கொம்பையா வீட்டிலிருந்துதான் கொண்டுபோவார். சோறு வடித்த கஞ்சியில் இரண்டு சொட்டு விட்டு அவள் இழைப்பாள். ஸ்டேஷனில் எல்லோரும் மெச்சுவார்களாம். 'ஏட்டையா வீட்டுச் சந்தனம் தீபாவளி வரைக்கும் நிக்கும்.' வெண்கலக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொண்டுவரும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

சொல்லாமல் இருந்துவிடலாம். கடைக்காரன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் இருப்பவளின் கை இன்னும் முழங்கையில் இருந்தது. முதல் இழுப்பிலேயே அந்தத் தோட்டா வெடித்திருந்தால், மூன்றாவது குண்டு ஒருவேளை வராமலே போயிருக்கும். அந்தக் கைக்குரியவளுக்கு அப்பா இருந்திருப்பார்.

"உதிராம நிக்கதுக்கு," என்றாள் வடிவு.

"என்னம்மா?"

"கஞ்சி. இரும்புல பொட்டு உதிராம நிக்கதுக்குக் கலக்கது. நான்தான் இழைச்சுக் குடுத்தேன்."

நிலோஃபரின் பேனா நின்றது. முழங்கையிலிருந்த கை உடனே விலகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு விலகிற்று. வெண்மணி எழுந்து வெளியே போனாள்.

"இத எழுதுவியளா?" என்று கேட்டாள் வடிவு.

"கஞ்சி இருந்ததை எழுதியே ஆகணும்மா. யாரு கலந்தாங்கன்னு மெஷின் சொல்லலை. அதை நான் எழுதமாட்டேன்."

"எழுதுங்க. அவிய பேரு முழுசா வெளிய வரணும். பாதி வந்தா மறுபடி வளைவு கட்டிருவாவ."

துணிப்பையை எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. கார் போயிருக்கும் என்று நினைத்தாள். போகவில்லை. டிரைவர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அம்மா ஏறச் சொன்னாங்க. ஊருக்குத்தானே," என்றான்.

அருப்புக்கோட்டை தாண்டும்வரை வெண்மணி கண்ணாடிப் பக்கமாகவே திரும்பியிருந்தாள். கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. இறக்கிவிடச் சொல்லலாமா என்று வடிவு இரண்டு தடவை யோசித்தாள்.

"அந்த வருசம் எங்க ஜீப்புக்கும் மாமாதான் பொட்டு வச்சாவ," என்றாள் வெண்மணி, திரும்பாமலே.

வடிவு அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்பா ஏசுனாவ. கொம்பையா, என் வண்டியில இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்யா, கழுவுன்னு. மாமா சிரிச்சுக்கிட்டே தண்ணிய ஊத்திக் கழுவுனாவ. நான் பக்கத்துல நின்னேன்." கண்ணாடியில் ஒரு விரலை ஓட்டினாள். "அப்பா செத்து, வந்தவுக எல்லாரும் போனபிறகு, ஜீப்பு மட்டும் வாசல்ல கெடந்துது. அம்மா தெனமும் அதைப் போய்ப் போய்த் தொட்டுட்டு வருவா. என்னத்தத் தொடுதான்னு அப்போ எனக்குத் தெரியல."

கார் எட்டயபுரம் பிரிவில் மெதுவாகிற்று.

"அந்தப் பொட்டு கழுவியும் போகல, அத்தே," என்றாள்.